அம்மாவைப் பாட்டத்துக்கு விட்ட கதை

நான் வரைந்த அம்மா இப்போது எனக்குச் சொந்தமில்லை. நிஜ அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். இதை எழுதும்போதுகூட வாசலில் யாரையோ வைதுகொண்டிருக்கிறாள். ஆனால் போன் திரையில் அவளை வரைய எனக்கு உரிமை இல்லையாம். அப்படிச் சொல்லும் கடிதத்தை நாலைந்து முறை படித்துவிட்டேன். படிக்கும்போது புரிந்த மாதிரி இருக்கிறது, போனைக் கீழே வைத்ததும் மறுபடி குழம்பிப்போகிறது. நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடை. எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு. அதை அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஓர் ஆன்லைன் சேவைக் கடையில் வேலை செய்கிறேன். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, நிலவரி என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரவேண்டும். வருகிறவர் தமிழில் சொல்வார், நான் மலையாளத்தில் தட்டுவேன், வெளியே வரும் காகிதத்தில் பாதி இங்கிலீஷ் இருக்கும். “இதுல என்னங்க அம்முணி எழுதியிருக்குது?” என்று கேட்பார்கள். “எல்லாஞ் சரியா இருக்குதுங்க, இங்க கையெழுத்துப் போடுங்க” என்பேன். நம்பிப் போடுவார்கள்.

சர்வர் சுற்ற ஆரம்பித்தால் அரைமணி நேரம்கூடச் சுற்றும். அந்த நேரத்தில் வீணாய்ப்போன பிரிண்டுகளின் பின்பக்கத்தில் வரைவேன். முறையாகக் கற்றதில்லை. பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் ரெக்கார்டில் தவளையை நன்றாக வரைந்திருக்கிறேன் என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். என் தகுதி அவ்வளவுதான்.

அம்மா குள்ளம். கொண்டையின் மேல் ஒரு பழைய துண்டை உருமாலாகக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் நடப்பாள். எதிர்ப்பட்டதை எல்லாம் வைவாள். ஆளை மட்டும் இல்லை, தண்ணீர்க் குழாயை, கேஸ் அடுப்பை, பெய்யாத மழையை, பெய்த மழையை. அதில் கோபம் கிடையாது. மற்றவர்கள் ‘வாங்க, சாப்பிட்டாச்சா’ என்பதைத்தான் அவள் அப்படிச் சொல்கிறாள் என்பது என் கணிப்பு. ஒருநாள் குரங்கு ஒன்று கிளையில் உட்கார்ந்து மாங்காய்களைக் கடித்துக் கடித்து எறிந்துகொண்டிருந்தது. அம்மா மரத்தடியில் போய் நின்றாள். “தின்னா ஒண்ண முழுசாத் தின்னுட்டு அடுத்ததத் தொடு. ஒறம்பரைக்குப் போன எடத்துல இப்பிடித்தான் திம்பியா?” என்று விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள். குரங்கு தன் கையிலிருந்த மாங்காயைத் திரும்பிப் பார்த்தது. சத்தியமாகப் பார்த்தது.

மறுநாள் கடையில் அதை மூன்று கட்டமாக வரைந்தேன். முதல் கட்டத்தில் குரங்கு, இரண்டாவதில் அம்மாவின் வசவு, மூன்றாவதில் குரங்கு யோசிக்கிறது, அம்மா போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குக் கொண்டுவந்து பயந்துகொண்டே காட்டினேன். அம்மா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

“என்னையப் போட்டா எனக்கென்ன? உள்ளதைத்தானே போட்டிருக்கறே” என்றாள். பிறகு, “இந்த மாசத்துல மாங்காய் இத்தாச்சோடு இருக்காது. சின்னதாப் போடு” என்றாள்.

சின்னதாகப் போட்டேன். அன்றிலிருந்து அம்மாதான் என் ஆசிரியர் குழு. “நான் அப்பிடிச் சொல்லுலயே, ‘போடா’ன்னுதானே சொன்னேன்” என்று திருத்துவாள். மாங்காய் வியாபாரியைத் தாடியோடு வரைந்தால், “அவனுக்கு ஏது தாடி, பாவம்” என்பாள்.

இணையத்தில் தொடராகப் போடலாம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்று நினைவில்லை. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, போனில் விரலால் வரையப் பழகினேன். முதலில் ஒரு முழுப் பக்கத்தில் எட்டுக் கட்டம் போட்டு ஒரு கதை செய்தேன். போனில் பார்த்தால் எழுத்து எறும்பு அளவுக்குக்கூட இல்லை. ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டம் வைத்தால்தான் விரலால் தள்ளிக்கொண்டே படிக்க முடியும் என்று தெரியவே ஒரு மாதம் ஆயிற்று. அடுத்த குழப்பம் பேச்சுக் குமிழி. வீடியோக்காரர்கள் குமிழியை வரைந்துவிட்டு உள்ளே எழுதினார்கள். நான் அப்படிச் செய்தால் ‘ஏனுங்க’ என்ற ஒரு சொல்லிலேயே குமிழி நிறைந்துவிடும், மீதி வசவு வெளியே நிற்கும். கடைசியில் முதலில் வசவை எழுதி, அதைச் சுற்றிக் குமிழி போட ஆரம்பித்தேன். இதுதான் சரியான முறையா என்று இன்றும் தெரியாது.

தொடருக்குத் ‘தோட்டத்தம்மா’ என்று பெயர் வைத்தேன். வெளியிட அப்பா நல்ல நேரம் பார்த்துச் சொன்னார். அந்த நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போயிற்று. வைஃபை இல்லாமல் போன் டேட்டாவிலேயே அவசர அவசரமாக ஏற்றியதில் கட்டங்கள் தலைகீழாகப் போய்விட்டன. அம்மா முதலிலேயே போய்விடுகிறாள், குரங்கு யோசிக்கிறது, பிறகு வசவு, கடைசியில் குரங்கு மாங்காய் தின்கிறது. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது. அழிக்கப் போகும்போது யாரோ ஒருவர், முடிவை முதலில் சொல்லும் பாணி புதுமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். நன்றி என்று பதில் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு வாரம் ஒன்று போட்டேன். நீங்கள் அழைத்தவர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று போனில் பதிவுக்குரல் சொல்ல, ‘பேசி முடிச்சுட்டு வரச் சொல்லு, நான் இங்கதான் இருக்கறேன்’ என்று அம்மா அந்தக் குரலுக்குப் பதில் சொன்ன கதை எப்படியோ பரவிவிட்டது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து, மதுரையிலிருந்து, வெளிநாட்டிலிருந்தெல்லாம், எங்க அம்மாவும் இப்படித்தான் என்று எழுதினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமை என்னைப் பற்றியா அம்மாவைப் பற்றியா என்று பிரித்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

அப்போதுதான் படக்கதைச் செயலி நடத்தும் ஒரு கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. தோட்டத்தம்மாவை அவர்கள் செயலியில் போட விருப்பம், ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பதினேழு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அப்பாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “இவ்வளவுதானா? நம்ம பாட்டம் மாதிரித்தான்” என்றார்.

மாந்தோப்புப் பாட்டம் என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். பூப் பூக்கும்போதே வியாபாரி வந்து பார்த்து விலை பேசித் தோப்பை எடுத்துக்கொள்வார். மருந்தடிப்பது, காவல், பறிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. காய் அவருடையது, மரம் நம்முடையது. கெடு முடிந்தால் தோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். அதோடு, ஊட்டு மரம் என்று ஒன்றை வீட்டுக்காக விட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதை இதுவரை எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை. எவ்வளவு கறாரான வியாபாரியும் அந்த மரத்தில் கை வைத்ததில்லை.

கம்பெனியிலிருந்து பேசிய பெண்ணுக்கு என் வயதுகூட இருக்காது, மெட்ராஸ் பேச்சு. போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

“ஏனுங்க அம்முணி, பாட்டம் எத்தன வருசத்துக்குங்க?”

“டேர்ம் மூணு வருஷம் அங்கிள். அப்புறம் ரின்யூ பண்ணிக்கலாம்.”

“செலவெல்லாம் உங்குளுதுங்களா?”

“கலரிங், ப்ரொமோஷன் எல்லாம் நாங்க பாத்துக்கறோம் அங்கிள்.”

அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மருந்தும் தண்ணீரும் அவர்கள் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். “அப்பறம் ஒண்ணுங்க. ஊட்டு மரம் ஒண்ணு எங்குளுக்குன்னு உட்டர்றதுங்க வழக்கம்.”

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், “வீட்டு யூஸுக்குத்தானே அங்கிள்? தாராளமா வெச்சுக்கங்க” என்றாள்.

பேச்சு முடிந்ததும் அப்பாவுக்கு ஒரே திருப்தி. எனக்கு நாலாம் பக்கத்தில் ஒரு சொல் உறுத்தியது. கடைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் ‘என்றென்றைக்கும்’ என்று வந்தது. அப்பாவிடம் காட்டினேன். “என்னைக்கும்னா பாட்டம் முடியற வரைக்கும்னு அர்த்தம் சாமி. மரம் எந்திரிச்சு அவிய பொறகாலயேவா போயிரும்?” என்றார். அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. படித்துப் பார்த்துக் கையெழுத்திடவும் என்று கடைச் சுவரில் நானே அச்சடித்து ஒட்டிய காகிதத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, போன் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகவே போயிற்று. திரையில் வரையும் பேனாவோடு ஒரு பழைய டேப் வாங்கினேன். கம்பெனியிலிருந்து குறிப்புகள் வரும். தோட்டத்தம்மா ஏன் சிரிப்பதே இல்லை என்று ஒருமுறை கேட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். “சிரிக்கற மாதிரி என்ன நடந்துபோச்சு?” என்றாள். அதையே ஒரு கதையாக வரைந்து அனுப்பினேன், போட்டார்கள். வாரத்துக்கு இரண்டு கேட்டார்கள். அந்த வருடம் தோப்பைப் பாட்டத்துக்கு விடாததால், பறிப்புக் காலம் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் இடுப்பொடிந்தது, கடையிலும் பள்ளி அட்மிஷன் கூட்டம். இரண்டு வாரம் என்னால் ஒன்றும் அனுப்ப முடியவில்லை. கவலைப்படாதீர்கள், உதவிக்கு வேறொரு ஓவியர் இருக்கிறார் என்று எழுதினார்கள். பாட்டம் எடுத்தவர் பறிப்புக்கு ஆள் விடுவது வழக்கம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஓவியர் வரைந்த முதல் கதையைப் பார்த்ததும் எனக்கு வந்தது பொறாமை. அதை மறைக்க விரும்பவில்லை. அவர் படத்தில் கை கையாக இருந்தது, ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. மாமரத்தின் இலைகளில் வெயில் விழுந்தது. என் படத்தில் வெயிலே கிடையாது, எனக்கு அதை வரையத் தெரியாது. இரண்டாவது கட்டத்தில் வியாபாரி வருகிறார். மூன்றாவதில் தோட்டத்தம்மா தலைத்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக் கைகூப்பி, கண் கலங்க, ‘நீங்க பாத்து ஒரு வெல சொல்லுங்கய்யா’ என்கிறாள். கீழே இதயங்களாகக் கொட்டியிருந்தார்கள்.

அம்மாவிடம் காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள்தான் வாராவாரம் கேட்பாளே. கூட்டிப் படித்தாள். திரும்பவும் ஒருமுறை படித்தாள். திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

“இவ ஆரு?” என்றாள்.

“நீதாம்மா. வேற ஆளு வரைஞ்சது” என்றேன்.

“நான் எப்ப ஒருத்தனுக்கு முன்னால துண்டை எறக்கினேன்?” என்று என்னைத்தான் கேட்டாள். டேபை என் மடியில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். போகும்போது மாட்டை வையவில்லை.

அன்றே கம்பெனிக்கு எழுதினேன். இந்தப் பெண்மணி என் அம்மா, அவள் இப்படிப் பேசமாட்டாள், இனி நானே வரைகிறேன், முடியாதென்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அவளைத் திருப்பித் தாருங்கள். பதில் மரியாதையாகத்தான் வந்தது. கதாபாத்திரமும் அதன் தோற்றமும் பேச்சு நடையும் நிரந்தரமாக நிறுவனத்தைச் சேர்ந்தவை. மூன்று வருடம் என்பது நான் அவர்களுக்கு வரைந்து தரவேண்டிய காலம் மட்டும். நான் வேறு எதை வேண்டுமானாலும் வரையலாம், ஆனால் இதே போன்ற தோற்றமுள்ள பாத்திரத்தை வரையக்கூடாது. என்னுடைய பங்களிப்புக்கு நன்றி.

அந்தப் பெண்ணின் நம்பரில் கூப்பிட்டேன். வேறு ஒருவர் எடுத்தார். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாளாம். ஊட்டு மரம் விட்டுவிடுவதாகப் பேச்சு இருந்தது என்று சொன்னேன். “எந்த மரம் மேம்?” என்று கேட்டார். அவர் உண்மையிலேயே உதவி செய்ய நினைத்துத்தான் கேட்டார். எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பரவாயில்லைங்க என்று வைத்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. “வாயில சொன்னமே. அந்தப் புள்ள சரீன்னுச்சே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு, மெட்ராஸுக்கு ரயில் ஏறிப் போய் நேரில் பார்த்துப் பேசிவிட்டு வரலாம், கூடவே நல்ல காயாக இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றார். பாட்டத் தகராறுகளை அவர் அப்படித்தான் தீர்த்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. உடனே பாவமாகவும் இருந்தது. தினமும் ஊராருக்கெல்லாம் காகிதம் படித்துச் சொல்கிறவள் நான். அவர் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு என் மூளை வேலை செய்த விதத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அவர்களுடையது என்றால் எது? துண்டா? ஊரில் பாதிப் பேர் துண்டு கட்டியிருக்கிறார்கள். கொண்டையா, குள்ளமா, ‘போடா’வா? சாப்பிடும்போது அம்மா எனக்குக் குழம்பு ஊற்றுவாள், நான் நிமிர்ந்து பார்த்து, இந்த உருமால் அவர்களுடையது, இந்த முறைப்பு அவர்களுடையது என்று நினைத்துக்கொண்டிருப்பேன். “சோத்தப் பாத்துத் தின்னு” என்பாள். அந்த வாக்கியம் யாருடையது என்று யோசிப்பேன். வேறு பெண்களை வரைந்து பார்த்தேன். உயரமாக ஒருத்தி, கண்ணாடி போட்டு ஒருத்தி, பேன்ட் போட்டு ஒருத்தி. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அம்மாதான் பேசினாள், உடனே அழித்தேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் எவ்வளவு தூரம் புரிந்தது என்று தெரியவில்லை. ஒருநாள் முற்றத்தில் காக்கையை விரட்டிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, “இனி வையறதுன்னா மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் வையோணுமா?” என்றாள். கேலிதான். ஆனால் குரலில் வருத்தம் இருந்தது. இரண்டு வருடம் வாராவாரம் ஆவலாக உட்கார்ந்து தன்னையே படித்தவள். அது இல்லாமல் அவளுக்கு வெறிச்சென்று ஆகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் உரிமை, என் படம் என்றே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டேபை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். துண்டு இல்லை, கொண்டை இல்லை. ஈரத் தலைமுடி இரண்டு பக்கமும் தோளில் விழுந்து கிடந்தது. இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது.

“இப்பப் போடு. இது அவியளுது இல்லீல்ல?” என்றாள்.

பேனாவை எடுத்தேன். முகத்தின் வட்டத்தைப் போட்டேன். கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எத்தனையோ வாரம் வரைந்திருக்கிறேன், எல்லாவற்றிலும் அம்மா பக்கவாட்டில் நின்று மரத்தையோ குரங்கையோ பார்த்து வைகிறாள், இல்லாவிட்டால் முதுகைக் காட்டிப் போகிறாள். நேர்முகம் எனக்கு வராது, அதனால் தவிர்த்தேன். மூக்கும் துண்டும் போட்டால் ஆள் தெரிந்துவிடும், அதற்கு மேல் பார்க்கத் தேவைப்படவில்லை. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. எப்போது பட்டது என்று தெரியாது. கீழ் உதட்டை லேசாக உள்ளே மடித்து வைத்திருந்தாள், எப்போதும் அப்படித்தானா, இப்போது கூச்சத்திலா என்று தெரியாது. கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோனது எதை என்று அப்போது எனக்கு ஒரே குழப்பமாகிவிட்டது.

“ஏன் நிறுத்திட்டே?” என்றாள்.

“உன் மொகம் எனக்குத் தெரியலைம்மா” என்றேன்.

அம்மா முறைக்கவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டாள்.

“தெரியாட்டிப் பாரு. பாக்கத்தானே உக்காந்திருக்கறேன்.”